கதையின் முடிவு யாருக்குச் சொந்தம்?

புதிய படமொன்று நகரத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே, அதைப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்குமிடையே ஒரு சிறு போராட்டம் தொடங்கிவிடுகின்றது. பார்த்தவருக்கு நாக்குத் துறுதுறுக்கிறது. பார்க்காதவர் காதைப் பொத்திக்கொள்கிறார். "கடைசியிலே அவன்தான்..." என்று ஒருவர் வாயெடுக்க, "ஐயா, சொல்லிப்போடாதையுங்கோ" என்று மற்றவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். பஸ்ஸிலும், தேநீர்க்கடையிலும், ஆசிரியர் ஓய்வறையிலும், மாணவர் விடுதியிலும் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. துப்பறியும் நவீனமொன்றை இரவல் கொடுக்கும்போதே கொலைகாரனின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிடும் நண்பர்கள் நம்மிடையே உளர். நூல்நிலையப் புத்தகத்தின் பத்தாம் பக்கத்தில் வரும் ஒரு பெயரின் கீழே பென்சிலாற் கோடிட்டு, 'இவன்தான்' என்று எழுதிவைத்துவிட்டுப் போன முகந்தெரியாத வாசகரையும் நாம் சந்தித்திருக்கிறோம்.

நாட்டிலே பேசுவதற்கு வேறு பிரச்சினைகள் இல்லையா, இதுவும் ஒரு விடயமா என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒருவருக்குத் தெரிந்ததும் மற்றவருக்குத் தெரியாததுமான ஒன்று நடுவே இருக்கும்போது, அவ்விருவரும் எவ்வாறு நடந்துகொள்கிறார்கள் என்பது அவ்வளவு அற்பமான சங்கதியன்று. அறிவு எவ்வாறு பங்கிடப்படுகின்றது, அதனை முதலிற் பெற்றவர் பின்னால் வருபவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்ற பெரிய வினா அதனுள்ளே அடங்கியிருக்கின்றது. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவர்களும் கற்றலை வாழ்வாகக் கொண்டவர்களும் இவ்வினாவை ஒதுக்கிவிட முடியாது. எனவே, கதையின் முடிவை எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது, அதனைத் தீர்மானிப்பவர் யார் என்பதைச் சற்று நின்று ஆராய்வோம்.

முதலில் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். முடிவைச் சொன்னாற் கதை கெட்டுவிடும் என்ற எண்ணம் மனித சமுதாயத்துக்கு மிகவும் பிந்தி வந்த எண்ணமாகும். நமது கிராமங்களிலே கதையானது முடிவு தெரிந்தபின்னரே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே காத்தவராயன் கூத்து நடைபெறும் இரவை எண்ணிப்பாருங்கள். ஆரியமாலைமீது கொண்ட காதலுக்காகக் காத்தவராயன் கழுவேறப்போகிறான் என்பது அங்கே பாயிலே படுத்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். போன வருடமும் அவன் கழுவேறினான். வருகிற வருடமும் ஏறுவான். எனினும், விடிகிற வேளையிலே கழுமரம் நாட்டப்படும்போது சனங்கள் எழுந்து நிற்கிறார்கள். பெண்கள் அழுகிறார்கள். அந்தக் கண்ணீர் திடுக்கிட்டதனால் வந்த கண்ணீரன்று. இரவு முழுவதும் அவனோடு கூடவே நடந்துவந்து, இப்படித்தான் முடியும் என்று தெரிந்திருந்தும் தடுக்கமுடியாமற் போன மனத்தின் கண்ணீர். பிறப்பினால் உயர்வு தாழ்வு வகுத்த சமுதாயத்திலே, அத்தடையை மீறியவனுக்குக் கிடைக்கும் தண்டனையை வருடந்தோறும் கண்டு அழுத மக்களுக்கு, 'என்ன நடக்கும்' என்பது கேள்வியாக இருக்கவில்லை. 'ஏன் இப்படி நடக்கவேண்டும்' என்பதே அவர்கள் நெஞ்சில் நின்றது.

கோயில்களில் நடைபெறும் புராண படனமும் இத்தகையதே. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். சூரன் மாமரமாக நிற்பான், பிளக்கப்படுவான், சேவலும் மயிலுமாவான் என்பதைக் கேட்போர் அனைவரும் அறிவர். அதுமட்டுமன்று, ஐப்பசி மாதத்துச் சூரன்போரிலே அதனைக் கண்ணாலும் கண்டவர்கள் அவர்கள். எனினும் அடுத்த வருடமும் வந்து குந்தியிருந்து கேட்டார்கள். பயன் சொல்பவர் புதிதாக என்ன சொல்லப்போகிறார், எந்த அடியிலே எந்த நயத்தைக் காட்டப்போகிறார் என்பதிலேதான் அவர்களின் ஆவல் தங்கியிருந்தது. நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்வோம். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையிலே விற்ற அக்கதையை வாங்கியவர்களுள், அவள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றிலே போடுவாள் என்பதை அறியாமல் வாங்கியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

காப்பியப் புலவர்களும் முடிவை ஒளித்துவைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகத்தைப் படித்தவர்களுக்கு இது தெரிந்ததே. கோவலன் கொலையுண்ட செய்தியும், பாண்டியன் உயிர் துறந்ததும், கண்ணகியின் சீற்றமும் நூலின் வாயிலிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகின்றன. அவ்வளவும் அறிந்தபின்பே நாம் மங்கல வாழ்த்துப் பாடலுள் நுழைந்து, அந்தத் திருமணத்தைக் காண்கிறோம். தீவலம் வரும் மணமக்களைப் பார்க்கும்போது, அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கின்றது. அத்திருமணக் காட்சி நமது நெஞ்சை அழுத்துவதற்குக் காரணமே அந்த அறிவுதான். முடிவை மறைத்திருந்தால் அஃது ஒரு செல்வர் வீட்டுக் கலியாணமாக மாத்திரமே நமக்குத் தோன்றியிருக்கும்.

தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. பழைய கிரேக்க நாடகங்களைக் கண்டவர்கள் அக்கதைகளின் போக்கை முன்னரே அறிந்திருந்தனர். யூரிப்பிடீஸ் தமது நாடகங்களின் முன்னுரையிலே வரப்போவதைச் சொல்லிவிடுகிறார் என்று பிற்கால விமர்சகர்கள் குறைகூறியபோது, ஜேர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1767க்கும் 1769க்கும் இடையில் எழுதிய நாடகக் கட்டுரைகளில் அவருக்காக வாதாடினார். திடீர் வியப்பினால் உண்டாகும் இன்பம் கணநேரத்தது; வரப்போவதை அறிந்து அஞ்சியிருக்கும் உள்ளத்தின் பரிவு நாடகம் முழுவதும் நீடிப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். ரோமியோவும் யூலியற்றும் மாண்டுபோவார்கள் என்பதைச் சேக்ஸ்பியர் திரை விலகியவுடனேயே அறிவித்துவிடுகிறார். டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வெளிவந்தது. அதன் தலைப்பே முடிவைச் சொல்கின்றது. முதல் அத்தியாயமோ மரணச் செய்தியோடு தொடங்குகின்றது.

இருபதாம் நூற்றாண்டிலே இப்பழைய முறைக்குப் புதிய அரசியற் பொருள் கொடுத்தவர் பிறெக்ட். காட்சி தொடங்குமுன் அக்காட்சியில் நடக்கப்போவதை எழுத்திலே காட்டிவிடும் உத்தியை அவர் கையாண்டார். பார்வையாளனின் கண் முடிவிலே பதிந்திருக்கலாகாது, நிகழ்ச்சியின் போக்கிலே பதிந்திருக்கவேண்டும் என்று 1930இல் எழுதிய குறிப்புகளில் அவர் விளக்கினார். அடுத்து என்ன வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவனால், இஃது ஏன் வருகிறது, வேறுவிதமாக வந்திருக்கலாகாதா என்று எண்ணிப்பார்க்க முடியாது. ஆவலே அவனது விமர்சன அறிவைக் கட்டிப்போட்டுவிடுகின்றது. இக்கருத்தைப் படிக்கும்போது நமது கூத்துக் களரியே நினைவுக்கு வருகின்றது. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, கர்ணன் இறப்பான் என்பதை அறியாத ஒருவரும் அந்த மண்டபத்தில் இருந்திருக்க மாட்டார். தெரிந்த கதை அக்கலையின் வலிமையை ஒரு சிறிதும் குறைக்கவில்லை.

அவ்வாறாயின், முடிவை இரகசியமாக்கியது எது?

இதற்கு விடை காண, கதை கைமாறிய முறையைப் பார்த்தல் வேண்டும். கூத்தும் புராணமும் ஊரின் பொதுச்சொத்து. அவற்றின் முடிவு எவருக்கும் தனியுரிமையானதன்று. அச்சியந்திரம் வந்தது, வாரப் பத்திரிகை வந்தது, ரிக்கற் வாங்கிப் பார்க்கும் படம் வந்தது. கதை விலைப்பொருளாயிற்று. ஒரு முறை மாத்திரம் விற்கப்படும் விலைப்பொருளுக்கு ஆவலே முதலீடு. 'தொடரும்' என்ற ஒரு சொல் அடுத்த வாரத்து இதழை விற்றுத் தருகிறது. இந்தியாவிலிருந்து வந்த வார இதழ்கள் நமது கிராமங்களிலும் வாசிக்கப்பட்ட காலத்தில் இதனைக் கண்கூடாகக் காண முடிந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அருள்மொழிவர்மன் 985இல் இராசராசன் என்ற பெயரோடு அரியணை ஏறுவான் என்பதைச் சரித்திரப் புத்தகம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 993இல் அநுராதபுரத்தைக் கைப்பற்றப்போகிறவனும் அவனே என்பதை நமது மாணவர்களும் அறிவர். அப்படியிருந்தும் வாரந்தோறும் காத்திருந்தார்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினாவுக்கோ, ஐந்து பாகங்களையும் படித்து முடித்தவர்கள் இன்றும் ஒருமித்த விடை சொல்வதில்லை. முடிவு தெரிந்தும் சுவை கெடாத கதையும், முடித்தபின்னும் முடிவு தெரியாத கதையும் ஒரே நூலில் அமைந்திருப்பது வேடிக்கையன்றோ!

சினிமாப் பாட்டுப் புத்தகத்தைக் கண்ட தலைமுறையினர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கொட்டகை வாசலிலே சில சதங்களுக்கு விற்ற அந்தச் சிறு புத்தகத்திலே, பாட்டுகளோடு கதைச்சுருக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறும் வரையில் அல்லது வில்லன் கத்தியை ஓங்கும் வரையில் கதையைச் சொல்லிக்கொண்டு வந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். ரிக்கற் விற்பதற்கான தந்திரம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும், எந்த இடத்திலே நிறுத்தவேண்டும் என்ற நாகரிகம் அந்தத் தந்திரத்துக்குத் தெரிந்திருந்தது.

மேனாட்டிலே இத்தந்திரம் ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. அகதா கிறிஸ்ரியின் 'எலிப்பொறி' என்ற நாடகம் 1952 நவம்பரில் லண்டனிலே அரங்கேறியது. 2020இல் கொள்ளை நோய் காரணமாக அரங்கு மூடப்பட்டு, 2021இல் மீண்டும் திறக்கப்பட்ட அந்த இடைவேளை நீங்கலாக, ஏறத்தாழ எழுபது வருடங்களுக்கு மேலாக அது மேடையேறி வருகின்றது. நாடகம் முடிந்ததும், கொலைகாரர் யார் என்பதை வெளியிலே சொல்லாதிருக்கும்படி பார்வையாளரை வேண்டிக்கொள்வது அங்கே மரபாகிவிட்டது. பிரான்சிலே 1955இல் வெளிவந்த 'பேய்மனத்தினர்' என்ற படத்தின் முடிவிலும் இவ்வாறான வேண்டுகோள் திரையிலே காட்டப்பட்டது. ஹிச்கொக் 1960இல் 'சைக்கோ' படத்தை வெளியிட்டபோது, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று கொட்டகைக்காரருக்குக் கட்டளையிட்டார். முடிவை வெளியிடவேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்.

இவையனைத்தும் வியாபார விளம்பரங்களே. எனினும் அவற்றிலே நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. 'எலிப்பொறி'யைப் பார்த்தவர்கள் பல இலட்சம் பேர். அவர்களுள் எவரையும் தண்டிக்கச் சட்டமில்லை, காவலரில்லை, அபராதமில்லை. ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் வாயைக் கட்டிக்கொண்டனர். நாளைக்கு வரப்போகும், முன்பின் அறியாத ஒருவனுடைய இரண்டு மணி நேரத்து இன்பத்தைக் காப்பதற்காக இன்று பார்த்தவன் மௌனம் சாதிக்கிறான். முதலாளியின் பணப்பெட்டி இதனாலே நிறைகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த மௌனத்தைக் காப்பது முதலாளியன்று. சாதாரண மக்களே அதைக் காக்கிறார்கள். மனிதர் கட்டாயமின்றியே ஒருவர்க்கொருவர் நாகரிகமாக நடந்துகொள்ள வல்லவர்கள் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று.

இந்த நாகரிகம் நமது வாசிகசாலைகளிலும் நிலவியதுண்டு. ஊருக்கு ஒரு வாசிகசாலை. வாசிகசாலைக்கு ஒரு பிரதி. அந்த ஒரு பிரதி பத்துப் பதினைந்து கைகள் மாறவேண்டும். உரத்து வாசிக்க ஒருவரும், சுற்றியிருந்து கேட்க எழுதப் படிக்கத் தெரியாத சிலரும் இருப்பர். முதலில் வாசித்தவன் முடிவைப் போட்டுடைத்தால், வேலை முடிந்து பின்னேரம் வரும் தொழிலாளிக்கு மிஞ்சுவது பழைய தாள் மட்டுமே. அவன் பிந்தி வருவது சோம்பலினாலன்று. அவனுடைய பகற்பொழுது பிறனுக்கு விற்கப்பட்டிருந்ததனாலே அவன் பிந்தினான்.

விடயத்தின் கரு இங்கேதான் இருக்கின்றது என்பது எமது கருத்து. கதையை முதலில் அறிபவர் பெரும்பாலும் வசதியுள்ளவரே. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முதலில் ஓடிய படம் சிற்றூர்க் கொட்டகைக்கு வந்துசேர மாதங்கள் பல சென்றன. தோட்டப்புறத்துக்கு வர இன்னும் நாளாயிற்று. இன்று கைத்தொலைபேசி அந்த இடைவெளியைக் குறைத்திருக்கிறது. ஆனால் அதே தொலைபேசியின் மூலம், முதல்நாட் காட்சியிலே அமர்ந்திருப்பவன் இறுதிக் காட்சியைப் படம்பிடித்து, அன்று மாலைக்குள்ளேயே ஆயிரம் பேருக்கு அனுப்பிவிடுகிறான். மாதச் சம்பளம் வந்தபின் மனைவி மக்களோடு கலரியில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நாளெண்ணிக் காத்திருந்தவன், கேளாமலே முடிவைப் பெற்றுக்கொள்கிறான். முதல்நாட் பார்த்தவன் இதில் அடைந்த இலாபம் யாது? 'எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது' என்பதைக் காட்டிக்கொள்ளும் அற்ப ஆதிக்கம் ஒன்றே. அறிவைப் பூட்டிவைத்துக்கொண்டு பிறரை இருளிலே வைத்திருப்பவனை நாம் கண்டிக்கிறோம். அறிவைக் கம்பாக வீசிப் பிறரைத் தாழ்த்துபவனும் அவனுக்கு உறவினனே.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. உண்மையான கலையைக் கெடுக்க முடியாது. முடிவு தெரிந்தாற் கெட்டுவிடும் கதை கெட்டுப்போகவேண்டிய கதைதான் என்பர் சிலர். விஞ்ஞானமும் இவர்களுக்குக் கொஞ்சம் துணை நின்றதுண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த லெவிற், கிறிஸ்ரென்பெல்ட் என்னும் இரு உளவியலாளர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். செக்கோவ், அகதா கிறிஸ்ரி முதலியோரின் 12 சிறுகதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, சிலருக்கு முடிவை முன்னரே தெரிவித்தனர். முடிவறிந்து படித்தவர்கள், சராசரியிலே, அறியாமற் படித்தவர்களைவிடக் கதைகளைச் சற்று அதிகமாகவே இரசித்தனர். பின்னர் வேறு ஆய்வாளர் செய்த சோதனைகளுட் சில இதற்கு மாறான முடிவைத் தந்தன. ஆகவே ஆய்வுகூடத்திலே இவ்வழக்கு இன்னும் தீரவில்லை.

தீர்ந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். முடிவறிந்து படித்தால் இன்பம் கூடும் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டதென்றே கொள்வோம். அப்போதும் பிறருக்கு முடிவைச் சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. ஏனெனில் முடிவை அறியாதவன் அதனை அறிய விரும்பினால், கடைசிப் பக்கத்தைப் புரட்டலாம், நம்மிடமே கேட்கலாம். அறிந்தவனோ அதனை மீண்டும் அறியாதவனாக முடியாது. முதல் வாசிப்பு ஒருவருக்கு ஒரு முறை மட்டுமே வாய்ப்பது. இரண்டாம் வாசிப்பை அவர் விரும்பிய போதெல்லாம் பெறலாம். நூறாம் வாசிப்பையும் பெறலாம். திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை, உடையவனைக் கேளாமல் எடுத்துக்கொள்வதற்கு நமது மொழியிலே பெயருண்டு. கூத்துப் பார்க்க வந்தவர்கள் முடிவை அறிந்தே வந்தார்கள் என்பதும் இதனோடு முரணாகாது. அவர்களுக்கு அதை ஒருவரும் வலிந்து சொல்லவில்லை. தாய்ப்பாலோடு பெற்ற பொது அறிவு அது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் வெளிவந்த படம். பாட்டே இல்லாத தமிழ்ப்படம் என்ற அளவில் நம்மிற் பலர் அதன் பெயரை அறிவர். சுடப்படுபவர் தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறார். சுட்டவர் யார் என்பதை, எழுபது வருடங்கள் கழிந்தபின்னும், நாம் இங்கே எழுதப்போவதில்லை. இதனைப் படிக்கும் இளைஞர் ஒருவர் இன்றிரவு அப்படத்தைத் தேடிப் பார்க்கக்கூடும்.

எனினும் மௌனத்துக்கும் ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். முடிவைச் சொல்லலாகாது என்ற நாகரிகம், முடிவைப்பற்றி விவாதிக்கலாகாது என்ற தடையாக மாறுமானால், அது கலைக்கும் சமுதாயத்துக்கும் கேடாகும். ஓர் ஆசிரியனின் உலகநோக்கு எங்கே வெளிப்படுகின்றது? பல வேளைகளிற் கதையின் முடிவிலேதான். இரண்டரை மணி நேரம் ஏழையின் துயரத்தைக் காட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்திலே பணக்காரருக்கு மனமாற்றம் உண்டாக்கி, மாலையும் கழுத்துமாக 'சுபம்' போடும் படத்தை விமர்சிப்பவன், அந்த ஐந்து நிமிடத்தைப்பற்றிப் பேசாமல் வேறு எதைப்பற்றிப் பேசுவான்? கொள்ளையிலே தெரியாத பொய் முடிவிலே தெரிகின்றது.

இப்சனின் 'பொம்மை வீடு' 1879இல் வெளிவந்தது. கணவனையும் குழந்தைகளையும் விட்டு நோரா வெளியேறிக் கதவைச் சாத்துவதோடு அந்நாடகம் முடிவடைகின்றது. ஜேர்மனியிலே நோராவாக நடிக்கவிருந்த நடிகை ஒருவர், குழந்தைகளை விட்டுப்போகும் தாயாகத் தாம் நடிக்க முடியாதென மறுத்தார். பிறர் கைவைத்து முடிவை மாற்றிவிடுவார்களே என்று அஞ்சிய இப்சன், நோரா வீட்டிலேயே தங்கிவிடும் வேறொரு முடிவைத் தாமே எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று. தமது நாடகத்தின்மீது இழைக்கப்பட்ட காட்டுமிராண்டிச் செயலென்றே அதனை அவர் கருதினார். அந்தக் கதவு சாத்தப்பட்டது சரியா என்று பல நாட்டவரும் வாதிட்டார்கள். பெண்ணின் நிலைபற்றிய சிந்தனை அவ்வாதத்தினாலே கூர்மையடைந்தது. முடிவைப்பற்றிப் பேசலாகாதென்று அன்று எல்லோரும் வாய்மூடியிருந்தால், அக்கதவின் ஓசை ஒரு கொட்டகைக்கு வெளியே கேட்டிராது.

ஆகவே விமர்சகனுக்கு முடிவைத் தொடும் உரிமை உண்டு. அது அவன் கடமையுங்கூட. ஆனால் அவன் முதலிலே சொல்லிவிடவேண்டும்: 'முடிவையும் எடுத்துப் பேசப்போகிறோம், விரும்பாதார் நூலைப் படித்துவிட்டு வருக' என்று. ஒரு வரி போதும். புதிய நூலை அறிமுகம் செய்பவனும், பழைய நூலை ஆராய்பவனும் ஒரே வேலையைச் செய்பவர்களல்லர். முன்னவன் வாசலைத் திறந்துவிட்டு ஒதுங்கவேண்டும். பின்னவன் வீட்டினுள்ளே விளக்கேற்றவேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, மதிப்புரை என்ற பெயரிலே கதை முழுவதையும் ஒப்புவித்துவிட்டு, 'அச்சு நன்று, அட்டை அழகு' என்று முடிக்கும் வழக்கம் நமது பத்திரிகைகளிலே இன்னும் ஒழியவில்லை.

இனி, ஆசிரியர்களாகிய அன்பர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. பஸ்ஸிலே முடிவைச் சொல்பவன் கெடுப்பது ஒரு படத்தை. நமது வகுப்பறைகளிலோ இலக்கியம் முழுவதுமே இவ்வாறு கெடுக்கப்படுகின்றது. பரீட்சைக்கென விற்கப்படும் வழிகாட்டி நூல்களை எடுத்துப் பாருங்கள். கதைச்சுருக்கம், பாத்திர இயல்பு, ஆசிரியர் உணர்த்தும் கருத்து, எதிர்பார்க்கப்படும் வினாக்கள் என்று எல்லாம் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. தனியார் வகுப்புகளிலே இக்குறிப்புகள் சொல்லி எழுதுவிக்கப்படுகின்றன. மாணவன் கதையின் முதல் வரியைப் படிக்குமுன்பே அதன் முடிவை அறிந்துவிடுகிறான். முடிவை அறிவதனால் வரும் கேடு பெரிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகமும் அதனைச் சொல்லிற்று என்று மேலே கண்டோம். பெருங்கேடு யாதெனில், அக்கதையைப்பற்றித் தான் என்ன நினைக்கவேண்டும் என்பதையும் அவன் முன்னரே பெற்றுக்கொள்கிறான். பதிகம் நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, உணர்வையும் தீர்ப்பையும் நம்மிடம் விட்டது. வழிகாட்டி நூலோ தீர்ப்பையே எழுதிக் கையில் கொடுத்துவிடுகின்றது.

நமது நாட்டுச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' கதையை உதாரணமாகக் கொள்வோம். வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போன இளந்தம்பதிகள். தொலைந்துபோகும் ஒரு பாதசரம். அதனால் எழும் பிணக்கு. 'கணவன் மனைவியர் விட்டுக்கொடுத்து வாழவேண்டும் என்பதே ஆசிரியர் உணர்த்தும் கருத்து' என்று ஒரு குறிப்பு எழுதிவிடலாம். பரீட்சையிலே புள்ளியும் கிடைக்கலாம். அந்தக் கடுஞ்சொல்லின் பின்னே ஒரு விவசாயக் குடும்பத்தின் வறுமை நிற்கிறதா, ஆண்மகனின் அதிகாரம் நிற்கிறதா, கூட்டத்திலே பட்ட வெட்கம் நிற்கிறதா என்று கேட்டுப்பார்க்க அந்த மாணவனுக்கு அதன்பின் இடமில்லை. அவனுக்குரிய கண்டுபிடிப்பு அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. பதினாறு வயதிலே பிறர் எழுதிக் கொடுத்த தீர்ப்பை மனனம் செய்து ஒப்புவிக்கப் பழகியவன், முப்பது வயதிலே மேடைப் பேச்சாளன் கொடுக்கும் தீர்ப்பையும் பத்திரிகைத் தலைப்புக் கொடுக்கும் தீர்ப்பையும் அதே பணிவோடு ஏற்றுக்கொள்வான். நமது நாட்டின் அரசியலிலே அப்பணிவு என்னென்ன விளைத்திருக்கின்றது என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

மாற்றுவழி கடினமானதன்று, பணச்செலவும் இல்லை. சிறுகதையொன்றை வகுப்பிலே உரத்து வாசியுங்கள். முடிவுக்கு ஒரு பக்கம் முன்னதாகப் புத்தகத்தை மூடிவிடுங்கள். இனி என்ன நடக்கும், ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஐந்து வரி எழுதட்டும். பின்வாங்கில் இருப்பவனும் எழுதட்டும். மறுநாள் மீதியை வாசியுங்கள். ஆசிரியன் எழுதிய முடிவையும் தங்கள் முடிவையும் அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 'எங்கள் ஊரிலே அப்படி நடக்காது, சேர்' என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்கலாம். கதை தெரிந்த காப்பியங்களையும் கூத்துகளையும் கற்பிக்கும்போது இதனைத் தலைகீழாகச் செய்யலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு, அம்முடிவைத் தடுத்திருக்கக்கூடிய இடம் எது என்று தேடச் சொல்லலாம். கோவலன் எந்த இடத்திலே திரும்பியிருக்கலாம்? காத்தவராயனைக் கழுவேற்றியவர்கள் யார் யார்? இவ்வாறு தேடும் மாணவன் பிறெக்ட் விரும்பிய பார்வையாளனாகிவிடுகிறான். பிறெக்டின் பெயரை அவன் அறிந்திருக்கவேண்டியதில்லை.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் முதலிற் பார்த்த படத்தை, முதலிற் படித்த நாவலைப்பற்றிப் பேசத் துடிப்பது இயல்பு. அத்துடிப்பு நல்லது, இலக்கியம் அதனாலேதான் பரவுகின்றது. ஆனால் வாய் திறக்குமுன், 'பார்த்துவிட்டாயா? சொல்லலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றவனிடம் அந்த நூலை இரவல் கொடுங்கள். அவன் படித்து முடித்தபின் ஓர் இரவு முழுவதும் இருந்து, முடிவிலிருந்தே தொடங்கி விவாதியுங்கள். ஒருவர் மட்டும் அறிந்த முடிவு வீண் பெருமைக்கே உதவும். இருவரும் அறிந்தபின் அது விவாதத்துக்கு உதவும். பிந்தி வருபவன் வந்துசேரும் வரையில் பேச்சைச் சற்றே நிறுத்திவைப்பதை நாம் எல்லோரும் பழகிக்கொள்ளல் வேண்டும்.